கலங்கலா இருந்தா கெட்டுப்போச்சா? ஹேஸி ஐபிஏ பீரும் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகளும்

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் வீடு, பெங்களூருவில் வேலை என்று வாழும் இளைஞர்கள் இன்று ஏராளம். நடுவில் சுமார் 200 கிலோமீட்டர்தான். தமிழ்நாட்டில் மது சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில். பெங்களூருவில் கதை வேறு. இந்திராநகரில் 2010-ல் டாய்ட் தொடங்கிய பிறகு, சொந்தமாகப் பீர் காய்ச்சி விற்கும் பப்கள் அங்கே பெருகின. ஊருக்கு வரும் பசங்களின் பேச்சில் அப்படித்தான் புதுசு புதுசாகப் பெயர்கள் சேர்கின்றன. அதில் ஒன்று, ஹேஸி ஐபிஏ.

பார்த்தால் பீர் மாதிரியே இருக்காது. கிளாஸுக்குப் பின்னால் விரலை வைத்தால் விரல் தெரியாது. மாம்பழ ஜூஸில் தண்ணீர் கலந்தது போல மஞ்சள் கலங்கல். மூக்கருகே கொண்டுபோனால் கொய்யா, மாம்பழம், எலுமிச்சைத் தோல் என்று ஒரு பழக்கடையே வீசும்.

முதல்முறை பார்ப்பவர், "இது கெட்டுப்போச்சா?" என்று கேட்பார். பழகியவர், "கலங்கலா இருந்தாத்தான் ஒரிஜினல்" என்பார். உண்மையில் இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. கலங்கல் கெட்டுப்போனதற்கு அடையாளம் இல்லை. தரத்துக்குச் சான்றிதழும் இல்லை. அப்போ அது என்ன?

கலங்கல் எங்கிருந்து வருகிறது?

வடிகட்டாததால் ஈஸ்ட் மிதக்கிறது என்பதுதான் பலரும் சொல்லும் காரணம். கொஞ்சம் ஈஸ்ட் இருக்கலாம். ஆனால் ஈஸ்ட் செல்கள் ஒப்பீட்டளவில் பெரியவை. குளிரில் சில நாள் அசையாமல் வைத்தால் அவற்றில் பெரும்பகுதி அடியில் இறங்கிவிடும். நல்ல ஹேஸி ஐபிஏ வாரக்கணக்கில் கலங்கலாகவே நிற்கும்.

முக்கியக் காரணம் இரண்டு பொருட்களின் கூட்டணி. ஒன்று, பார்லி, கோதுமை போன்ற தானியங்களில் இருந்து வரும் புரதம். இன்னொன்று, பெரும்பாலும் ஹாப்ஸில் இருந்து வரும் பாலிஃபீனால். டீயில் நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு இருக்கிறதே, அந்த வகைப் பொருள்தான் இந்த பாலிஃபீனால். இவை புரதத்தோடு ஒட்டிக்கொண்டு மிக நுண்ணிய துகள்களாகின்றன. துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் பீர் கலங்கலாகத் தெரிகிறது. ஸ்ட்ராங்கான கட்டன் டீயை ஃப்ரிட்ஜில் வைத்தால் கலங்கிப்போவதிலும் இந்த பாலிஃபீனாலின் கைவரிசை உண்டு.

சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளைப் பார்த்தவர்களுக்கு இது இன்னும் எளிதாகப் புரியும். குச்சிக்கிழங்கை அரைத்து எடுக்கும் மாவுப்பாலைத் தொட்டியில் விட்டுவைத்தால், சில மணி நேரத்தில் மாவு அடியில் கெட்டியாகப் படிந்துவிடும். தண்ணீர் மேலே நிற்கும். ஹேஸி ஐபிஏ-வில் இருக்கும் துகள்கள் அந்த மாவைவிட ரொம்ப ரொம்பச் சின்னவை. அதனால் அவ்வளவு சீக்கிரம் படியாது.

இதிலும் குறுக்குவழி உண்டு. கலங்கல் வேண்டும் என்பதற்காகவே கோதுமை மாவைக் கொட்டிக் காய்ச்சியவர்களும் வெளிநாடுகளில் இருந்தார்கள். நிறம் வந்துவிடும், வாசனை வருமா?

வாசனைக்கு ரசம் சொல்லும் பாடம்

ஹாப்ஸ் என்பது ஒரு கொடியில் பூக்கும் பச்சை நிறப் பூங்கொத்து. தாவரவியலில் கஞ்சாச் செடியும் இதுவும் ஒரே குடும்பம். ஆனால் கஞ்சாவின் போதைப்பொருள் இதில் இல்லை. இந்தியாவில் இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் ஹாப்ஸ் விளைகிறது. ஹேஸி ஐபிஏ-வில் பேசப்படும் சிட்ரா, மொசைக் ரகங்கள் அமெரிக்காவைச் சேர்ந்தவை. கேலக்ஸி ஆஸ்திரேலிய ரகம்.

ஹாப்ஸை எப்போது போடுகிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கொதிக்கும் தானியச் சாற்றில் ஆரம்பத்திலேயே போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் கசப்பு இறங்கும், வாசனை ஆவியாகப் போய்விடும். ரசத்தில் கொத்தமல்லித்தழையை எப்போது போடுகிறோம்? நுரை கட்டி வரும்போது, இறக்குகிற நேரத்தில். முதலிலேயே போட்டுக் கொதிக்கவிட்டால் மணம் போய்விடும் என்று எந்த அம்மாவைக் கேட்டாலும் சொல்வார். ஹேஸி ஐபிஏ-வும் அதே கணக்குதான். கொதி அடங்கிய பிறகும், நொதிக்கும்போதும், நொதித்து முடிந்த பிறகும்தான் ஹாப்ஸின் பெரும்பகுதியைப் போடுகிறார்கள். சூடுபடுத்தாமல் போடும் இந்த முறைக்கு ட்ரை ஹாப்பிங் என்று பெயர்.

அப்படிச் செய்தால் ஹாப்ஸின் எண்ணெய்கள் தப்பிக்கின்றன. அவற்றில் பல நம் சமையலறைக்குப் பழக்கமானவை. மைர்சீன் மாம்பழத்திலும் இருக்கிறது. லினலூல் கொத்தமல்லி விதையின் முக்கிய மணப்பொருள். காரியோஃபிலீன் மிளகிலும் கிராம்பிலும் உண்டு. ஈஸ்ட்டும் சும்மா இருப்பதில்லை. ரோஜா வாசம் தரும் ஜெரனியாலை, எலுமிச்சை சாயலுள்ள சிட்ரோனெல்லாலாக மாற்றுகிறது.

மூக்கைத் துளைக்கும் அந்தக் காட்டமான பழவாசனையில் தயால் என்ற கந்தகச் சேர்மங்களுக்குப் பெரிய பங்கு. ஒரு லிட்டரில் நானோகிராம் கணக்கில் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். அளவாக இருந்தால் கொய்யா, பேஷன் ஃப்ரூட். எல்லை மீறினால் பூனை மூத்திரம். "ஏதோ நாத்தம் அடிக்குது" என்று ஒருவர் முகம் சுளிப்பதும், "செம வாசனை" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வதும் ஒரே கிளாஸைப் பற்றியதாகவே இருக்கலாம்.

ஹாப்ஸை அள்ளிப் போடும்போது எண்ணெயும் பாலிஃபீனாலும் சேர்ந்தே வருகின்றன. வாசனையும் கலங்கலும் ஜோடியாக வருவது அதனால்தான். ஓட்ஸ் சேர்ப்பதும், தண்ணீரில் குளோரைடைக் கூட்டுவதும் வாயில் வழுவழுப்பைத் தருகின்றன. கசப்பு பின்னுக்குப் போகிறது. ஜூஸ் குடிக்கிற மாதிரி உணர்வு வருகிறது.

பேரில் இந்தியா, பயணத்துக்கு லாயக்கில்லை

ஐபிஏ என்பதன் விரிவு இந்தியா பேல் ஏல். 18-ம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனின் பௌ பகுதியில் இருந்த ஹாட்ஜ்சன் ஆலையின் பீர், கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் இங்கே வந்து இறங்கியது. மாதக்கணக்கில் கடலில் ஆடி ஆடி வந்த சரக்கு அது. ஹாப்ஸின் கசப்பு, கிருமிகள் பெருகாமல் தடுத்தது.

ஹேஸி ஐபிஏ அதற்கு நேர் எதிர். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், தி அல்கெமிஸ்ட் நிறுவனத்தின் ஹெடி டாப்பர் இதன் முன்னோடியாகக் கருதப்படுகிறது. இந்த வகையை அமெரிக்காவின் ப்ரூவர்ஸ் அசோசியேஷன் தனி ரகமாக அங்கீகரித்தது 2018-ல்தான். உலகமெங்கும் பரவிவிட்ட இந்தப் பீருக்கு ஆக்சிஜன் என்றாலே ஆகாது. கொஞ்சம் காற்று புகுந்தாலும் பழவாசனை முதலில் போகும். பிறகு பளிச் மஞ்சள் மங்கி, பழுப்பு தட்டும். சூட்டில் வைத்தால் இன்னும் வேகம். கடைசியில் மிஞ்சுவது நனைந்த அட்டைப்பெட்டியின் ருசி. ஆனால் கலங்கல் மட்டும் அப்படியே இருக்கலாம்! கலங்கலைப் பார்த்துத் தரத்தை நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்

முதல் கேள்வி: எப்போது தயாரித்தது? குளிரிலேயே வைத்து, சில வாரங்களுக்குள் விற்க வேண்டிய பொருள் இது. பல நூறு ரூபாய் கொடுக்கும் வாடிக்கையாளருக்கு அந்தத் தேதியைத் தெரிந்துகொள்ள உரிமை இல்லையா? பாக்கெட் பாலில் தேதி பார்க்கிறோம், பிரெட்டில் பார்க்கிறோம். இங்கே மட்டும் ஏன் கூச்சம்?

இரண்டாவது கேள்வி: ஆல்கஹால் எவ்வளவு? இது ருசியைவிட முக்கியம். சாதாரண லாகர் பீரில் ஆல்கஹால் சுமார் 5 சதவீதம். ஹேஸி ஐபிஏ-வுக்குச் சர்வதேசப் போட்டிகளில் பின்பற்றும் வரையறை 6 முதல் 9 சதவீதம் வரை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 6.5 சதவீதம் உள்ள 500 மில்லி கிளாஸில் இருப்பது 32.5 மில்லி ஆல்கஹால். 5 சதவீத பீரின் 650 மில்லி பெரிய பாட்டிலிலும் அதே 32.5 மில்லிதான். ஜூஸ் மாதிரி இறங்கும் ஒரு கிளாஸ், ஒரு முழு பாட்டிலுக்குச் சமம். கசப்பு இருந்தால் வேகம் குறையும். இதில் அந்த பிரேக்கும் இல்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, வண்டி ஓட்டுபவரின் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல்முறையே 10,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும். அந்த ஒரு கிளாஸே சராசரி எடை உள்ள ஒருவரை வரம்பு தாண்ட வைக்கும். "ஒண்ணே ஒண்ணுதான் மச்சி" என்று சொல்லிவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக ஊருக்குக் கிளம்பினால், வழியில் வருவது தொப்பூர் கணவாய். அங்கே நடக்கும் விபத்துகளைப் பற்றிச் சேலத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பாட்டிலிலும் கேனிலும் ஆல்கஹால் அளவை அச்சிட்டே ஆக வேண்டும். குழாயில் இருந்து நேராக கிளாஸுக்கு வரும் பீருக்கு லேபிள் ஏது? எந்த ஹாப்ஸ், எந்த நாடு என்று போர்டில் அழகாக எழுதத் தெரிந்த பப்களுக்கு, தயாரித்த தேதியையும் ஆல்கஹால் சதவீதத்தையும் அதே அளவு எழுத்தில் எழுதுவது பெரிய வேலை இல்லை. எழுதாத இடத்தில் கலால் துறை எழுத வைக்க வேண்டும்.

அதுவரைக்கும் கேட்க வேண்டியது வாடிக்கையாளர்தான். எந்த அளவு மதுவும் உடல்நலத்துக்குப் பாதுகாப்பானது இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-லேயே சொல்லிவிட்டது. அதைத் தெரிந்தும் குடிப்பது 21 வயது தாண்டியவரின் சொந்த முடிவு. எதை, எவ்வளவு குடிக்கிறோம் என்பதாவது கலங்கல் இல்லாமல் தெரியட்டும். பஸ் டிக்கெட்டையும் முன்கூட்டியே போட்டுவிடுங்கள்.