பட்டாளத்துக்காரர் குடியிருக்கும் வீடு

அமெரிக்காவில் பிள்ளையோ பெண்ணோ இருக்கும் தாய்மார்களுக்கு இப்போது புது தினுசான டெலிபோன் ஒன்று வருகிறது. "அம்மா, இங்கே பாலைவனத்தில் ஒரு வீடு மலிவாக வருகிறது. பக்கத்திலேயே ராணுவ முகாம். குடித்தனக்காரருக்குப் பஞ்சமே இல்லை. வாடகைப் பணத்தைச் சர்க்காரே கொடுத்துவிடுகிறது. உன் ரிடையர்மெண்ட் பணம் பாங்கில் சும்மா தூங்கத்தானே தூங்குகிறது?" என்று பேச்சு போகும். பிள்ளை சொல்வதில் பொய் இல்லை. ஆனால் பாதிதான் சொல்கிறான். மற்றப் பாதியை நாம் இன்று பார்த்துவிடுவோம். பணம் உங்களுடையதல்லவா?

கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் ட்வென்டிநைன் பாம்ஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது. "இருபத்தொன்பது பனை" என்று அர்த்தம். லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து கிழக்கே ஏறக்குறைய 140 மைல். அங்கே ஊற்றுக்கரையில் வாழ்ந்த செர்ரானோ என்ற பூர்வ குடிகள், ஆண் குழந்தை பிறந்த போதெல்லாம் ஒரு பனை நட்டார்களாம். முதல் வருஷத்திலேயே 29 நட வேண்டி வந்ததாம். (பெண் குழந்தைக்கு என்ன நட்டார்கள் என்பதைக் கதை சொன்னவர்கள் சௌகரியமாக மறந்துவிட்டார்கள்!) 1920-களில் பாஸடீனா நகரத்து டாக்டர் ஜேம்ஸ் லக்கி, முதல் உலக யுத்தத்தில் விஷவாயுவினால் நுரையீரல் கெட்டுப்போன சிப்பாய்களை உலர்ந்த காற்றுக்காக அந்த ஊருக்கு அனுப்பி வைத்தார். இரண்டாவது யுத்தத்தின் போது அங்கே கிளைடர் விமானப் பயிற்சி நடந்தது. 1952-ல் மரைன் படை வந்து சேர்ந்தது, இன்றுவரை இருக்கிறது. ஊருக்குச் சோறு போடுவது பெரும்பாலும் அந்த முகாம்தான். இதை மட்டும் மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

முதலில், சர்க்கார் வாடகை கொடுக்கிறது என்கிற பேச்சு. முகாமுக்கு வெளியே குடியிருக்கும் பட்டாளத்துக்காரருக்குச் சம்பளத்தோடு வீட்டுப்படி கிடைக்கிறது. அவருடைய பதவி, எந்த ஊரில் வேலை, மனைவி மக்கள் உண்டா இல்லையா என்கிற மூன்றையும் வைத்துத் தொகையை நிர்ணயிக்கிறார்கள். ஜனவரி முதல் தேதியன்று புதிய அட்டவணை அமலுக்கு வரும். யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம். நம் பிள்ளைகள் செய்கிற முதல் காரியம், அந்த அட்டவணையைப் பார்த்து, படி எவ்வளவோ அவ்வளவும் வாடகை என்று முடிவு கட்டுவது!

அப்படி அல்ல. அந்தப் படி வீட்டுக்காரரிடம் போவதில்லை. சிப்பாயின் கைக்குத்தான் போகிறது. அவர் குறைந்த வாடகையில் வீடு பிடித்தால் மிச்சம் அவருக்கே. தவிர, மின்சாரம், தண்ணீர் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் அந்தத் தொகை. அதிலும் 2019 முதல் சராசரிச் செலவில் 5 சதவீதத்தை அவரே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கணக்கு. கோடையில் நாள் தவறாமல் 100 டிகிரிக்கு மேல் வெயில் கொளுத்துகிற ஊரில் மின்சார பில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. படியிலிருந்து அந்தக் கோடைக்கால பில்லைக் கழித்துவிட்டு மிஞ்சுவதுதான் உங்கள் வீட்டுக்கு வரக்கூடிய வாடகை.

கல்யாணமாகாத இளம் சிப்பாய்கள் பெரும்பாலும் முகாமுக்குள்ளேயே தங்குகிறார்கள். உங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் குடும்பஸ்தர்கள். அவர்களுக்கும் முகாமுக்குள்ளேயே வீடுகள் உண்டு. 1996-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு அவற்றைத் தனியார் கம்பெனிகள் நடத்துகின்றன. உள்ளே வீடு காலியானால் வெளியே வாடகை தளரும். இன்னொரு போட்டியும் இருக்கிறது. பட்டாளத்துக்காரர்களுக்கு 1944-ம் வருஷத்துச் சட்டத்தின் கீழ், முன்பணமே போடாமல் வீடு வாங்கக் கடன் வசதி கிடைக்கிறது. வாங்கிக் குடியிருந்துவிட்டு, மாற்றல் வந்ததும் அதை வாடகைக்கு விட்டுப் போகிறவர்கள் உண்டு. முன்பு மலிவாக வாங்கியவர் 200 டாலர் குறைத்துக் கொடுத்தாலும் அவருக்குக் கட்டும், உங்களுக்குக் கட்டுமா?

கட்டுமா என்பதைக் காகிதத்தில் போட்டே பார்த்துவிடலாம், வாருங்கள். கணக்குக்காக, வீட்டின் விலை 2,40,000 டாலர், வாடகை 1,900 என்று வைத்துக்கொள்வோம். முன்பணம் 60,000. மீதி 1,80,000-க்கு 7 சதவீத வட்டியில் 30 வருஷக் கடன். மாதத் தவணை 1,198. பிள்ளை இந்த இடத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "பார்த்தாயா அம்மா, மாதம் 700 டாலர் லாபம்!" என்பான். நீங்கள் பென்சிலை எடுத்துக் கொள்ளுங்கள். சொத்து வரி, வீட்டு விலையில் வருஷத்துக்குச் சுமார் 1.2 சதவீதம் என்று வைத்தால் மாதம் 240. இன்ஷூரன்ஸ் 120. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஏஜெண்டுக்கு நூற்றுக்குப் பத்து வீதம் 190. மராமத்துக்கு என்று ஒதுக்கி வைப்பது 150. கூட்டினால் 1,898. மிச்சம் இரண்டே டாலர்! அதில் ஒரு காப்பி குடிப்பது கூடச் சிரமம். வீடு காலியாக நிற்கிற மாதத்திலோ ஏஜெண்டின் 190 ஒன்றைத் தவிர மற்றதெல்லாம், அதாவது 1,708 டாலர், கைப்பணத்திலிருந்துதான் போக வேண்டும்.

காலியாக நிற்குமா என்று கேட்பீர்கள். நிச்சயமாக நிற்கும். வாடகைக்குப் பணம் கொடுக்கிற அதே சர்க்கார்தான் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை "மூட்டையைக் கட்டு" என்று உத்தரவும் போடுகிறது. 2003-ல் வந்த மத்திய சட்டம் ஒன்று சிப்பாய்க்குத் துணை நிற்கிறது. மாற்றல் உத்தரவு வந்தாலும், 90 நாளோ அதற்கு மேலோ வெளியிடத்துக்கு அனுப்பப்பட்டாலும், உத்தரவின் நகலோடு எழுத்து மூலம் அறிவித்துவிட்டு ஒப்பந்தத்தை முடித்துக் கொள்ளலாம். மே 10-ந் தேதி கடிதம் கொடுத்தால், அடுத்த வாடகை ஜூன் 1-ந் தேதி. அதிலிருந்து 30 நாள் கழித்து, ஜூலை 1-ந் தேதி கணக்குத் தீர்ந்தது. அபராதம் என்று ஒரு காசு கேட்க முடியாது. ஒப்பந்தத்தில் இன்னும் எட்டு மாதம் பாக்கி இருக்கிறதே என்று புலம்பிப் பிரயோஜனமில்லை. எனக்கு இந்தச் சட்டத்தில் குறையே தெரியவில்லை. தேசத்துக்காகப் போகிறவன் தலையில் இரண்டு வீட்டு வாடகையைச் சுமத்துவது என்ன நியாயம்? ஆனால் நியாயத்துக்கு ஆகிற செலவு வீட்டுக்காரர் கணக்கில் எழுதப்படுகிறது என்பதை வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டும்.

அட்வான்ஸையும் நம்ப முடியாது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகியவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். கலிபோர்னியாவில் 2024 ஜூலை முதல் பொதுவாக ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. ஒன்றிரண்டு வீடு மட்டும் வைத்திருக்கும் சிறிய சொந்தக்காரருக்கு இரண்டு மாதம் வரை சலுகை உண்டு. ஆனால் குடிவருகிறவர் பட்டாளத்துக்காரரானால் அந்தச் சலுகையும் இல்லை! "குழந்தை குட்டி உள்ளவர்களுக்குக் கொடுப்பதில்லை" என்று சொல்லவும் அங்கே சட்டம் இடம் கொடாது. அந்த வழக்கம் நம் ஊருக்கும் வந்தால் தேவலை.

இனி, வீட்டைப் பற்றி. உத்தரவு சிப்பாய்க்கு வருகிறது. ஆனால் வீட்டுக்குள் நாள் முழுவதும் இருக்கப் போகிறவள் அவன் மனைவி. அவன் பயிற்சிக்கென்று வாரக்கணக்கில் மணலுக்குள் போய்விடுவான். கடல் கடந்தும் போவான். கைக்குழந்தையோடு அவள் தனியே இருப்பாள். ஆகையால் வீட்டை அவள் கண்ணால் பாருங்கள். குளிர்ச்சி எப்படி? பழைய பாலைவன வீடுகள் பலவற்றில், கூரை மேல் ஈரத் தட்டி வைத்துக் காற்றை இழுக்கும் கூலர்தான் இருக்கும். காற்று காய்ந்திருக்கும் வரை அது பிரமாதமாக வேலை செய்யும். ஜூலை, ஆகஸ்டில் அந்தப் பக்கமும் ஈரக் காற்றும் இடிமழையும் எட்டிப் பார்க்கும்; அன்றைக்குப் பார்த்து அது கையை விரித்துவிடும். சென்னைப் புழுக்கத்தில் கூலர் வாங்கி ஏமாந்தவர்களுக்குக் காரணம் விளங்கும். சரியான ஏர்கண்டிஷனும், கூரைக்கு மேல் வெப்பத் தடுப்பும், இரட்டைக் கண்ணாடி ஜன்னலும் இருக்கிற வீட்டுக்கு நூறு டாலர் கூடக் கொடுத்தாலும் நஷ்டமில்லை; அவள் பில்லில் மிச்சமாவது உங்கள் வாடகையில் சேரும். அந்த ஊரில் பெரும்பாலும் செப்டிக் டாங்க்தான். வாங்குமுன் அதைத் திறந்து பரிசோதிக்கச் சொல்லுங்கள். சமையலறைக் குழாய்களில் உப்புப் படிந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

பூமி ஆடுகிற பிரதேசம் அது. 1992 ஜூன் 28-ல் அருகிலுள்ள லாண்டர்ஸில் 7.3 அளவு பூகம்பம் வந்தது. 2019 ஜூலையில் இன்னொரு ராணுவத் தளத்து ஊரான ரிட்ஜ்க்ரெஸ்டில் அடுத்தடுத்த நாட்களில் 6.4, 7.1 என்று இரண்டு. சாதாரண வீட்டு இன்ஷூரன்ஸில் பூகம்பம் சேராது. தனியே எடுக்க வேண்டும். மேலே போட்ட கணக்கில் அது இல்லை என்பதைக் கவனித்தீர்களா?

பூகம்பத்தை விடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. முகாமே மூடப்பட்டால்? அதே மொஹாவி பாலைவனத்தில் விக்டர்வில் ஊருக்குப் பக்கத்தில் ஜார்ஜ் விமானப் படைத் தளம் இருந்தது. யுத்த காலத்திலிருந்து இருந்த தளம்; 1992 டிசம்பரில் மூடிவிட்டார்கள். குடும்பங்கள் போய்விட்டன, வீடுகளை யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. 1988-லிருந்து 2005 வரை ஐந்து சுற்றுக்களாக நாடு முழுவதும் தளங்களைக் குறைத்தார்கள். ட்வென்டிநைன் பாம்ஸில் பீரங்கி சுட்டுப் பழக அவ்வளவு விஸ்தாரமான இடம் இருப்பதால் அதைச் சுலபமாக மூடமாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். ஆனாலும் பள்ளிக்கூட உபாத்தியாயினியும், ஆஸ்பத்திரி நர்ஸும், பக்கத்திலுள்ள ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்கா ஊழியரும் கொடுக்கக்கூடிய வாடகைக்கு மேல் நம்பி வாங்காதீர்கள். உல்லாசப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடலாமே என்று பிள்ளை சொல்வான். அதற்கு நகரசபை அனுமதி வேண்டும், படுக்கை விரிக்கவும் ஆள் வேண்டும். அது வேறு வியாபாரம்.

யார் பெயரில் வாங்குவது? ரிஸர்வ் பாங்க் திட்டப்படி ஒருவர் வருஷத்துக்கு 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம்; வீடும் வாங்கலாம். ஆனால் இங்கே இருந்துகொண்டு உங்கள் பெயரில் வாங்கினால், உரிய பாரம் எழுதிக் கொடுக்காத பட்சத்தில் செலவைக் கழிக்காமலே மொத்த வாடகையில் 30 சதவீதம் அங்கே வரி பிடிப்பார்கள். விற்கும்போது பொதுவாக விலையில் 15 சதவீதத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பிறகு கணக்குப் பார்ப்பார்கள். நமக்குப் பின் வாரிசுகளுக்கு வரும்போது 60,000 டாலருக்கு மேற்பட்ட சொத்துக்கு அங்கே மரண வரியும் உண்டு. ஆகவே பிள்ளைக்குத்தான் வீடு என்றால் பிள்ளை பெயரிலேயே இருக்கட்டும். கொடுத்த பணத்தை எழுதி வையுங்கள். திரும்பி வராவிட்டாலும் உங்கள் மருந்துச் செலவுக்குக் குறைவு வராத தொகையாக அது இருக்கட்டும்.

இவ்வளவுக்கும் பிறகு கணக்குக் கட்டுகிறது, ஆறு மாதத் தவணையும் தனியே பாங்கில் இருக்கிறது என்றால், தாராளமாக இறங்கச் சொல்லுங்கள். மாற்றல்கள் அதிகம் நடப்பது மே முதல் ஆகஸ்ட் வரை. குளிர்காலத்தில் விலை பேசி, ஏப்ரலுக்குள் ஏர்கண்டிஷனையும் கூரையையும் சரிசெய்து, மே மாதம் விளம்பரம் கொடுக்க வேண்டும். ஒப்பந்தமும் எப்போது தொடங்கினாலும் மே அல்லது ஜூனில் முடிகிற மாதிரி, பதினோரு மாதமோ பதினைந்து மாதமோ எழுதிக்கொள்ளலாம். நவம்பரில் காலியான வீட்டுக்கு ஆள் பிடிப்பது கஷ்டம்.