பல் தேய்க்கும்போது ரத்தம் வருதா? சுகர் டெஸ்ட்டோடு ஈறையும் ஏன் பார்க்கணும்?

80 டாலர். ஒரு சொத்தைப் பல்லைப் பிடுங்க அன்றைக்கு அமெரிக்காவில் ஆகியிருக்கக்கூடிய செலவு அவ்வளவுதான். அந்தப் பல் நேரத்துக்குப் பிடுங்கப்படாததால், மேரிலாந்து மாகாணத்தைச் சேர்ந்த 12 வயது சிறுவன் 2007 பிப்ரவரியில் உயிரிழந்தான்.

பல்லின் வேரில் சீழ் பிடித்து, அங்கிருந்த பாக்டீரியா மூளை வரைக்கும் போய்விட்டது. அவன் தலைவலி என்று சொன்ன பிறகுதான் வீட்டில் விஷயமே தெரிந்தது. மூளையில் இரண்டு அறுவை சிகிச்சை, பல வாரம் மருத்துவமனை வாசம், சுமார் இரண்டரை லட்சம் டாலர் செலவு. எதுவும் அவனைக் காப்பாற்றவில்லை. ஏழைகளுக்கான அரசு மருத்துவ உதவியை ஏற்றுக்கொள்ளும் பல் டாக்டரைக் கண்டுபிடிப்பதே அந்தக் குடும்பத்துக்குக் குதிரைக்கொம்பாக இருந்தது. அவனுடைய அம்மா அந்த நாட்களில் அலைந்துகொண்டிருந்ததுகூட இவனுக்காக இல்லை, தம்பியின் பல்லுக்காக.

இந்த மரணம் அங்கே பெரிய விவாதமானது. 2009-ல் குழந்தைகளுக்கான அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் பல் சிகிச்சையும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று சட்டமே வந்தது. இதில் ஒரு முரண்: உலகின் முதல் பல் மருத்துவக் கல்லூரி 1840-ல் தொடங்கப்பட்டது இதே மேரிலாந்தின் பால்டிமோர் நகரத்தில்தான். உடம்புக்கு ஒரு டாக்டர், பல்லுக்கு வேற டாக்டர் என்று படிப்பு தனியாகப் பிரிந்ததும் அங்கிருந்துதான். படிப்பு பிரிந்தால் பரவாயில்லை. காப்பீடும் கவனமும் சேர்ந்தே பிரிந்துபோனதுதான் சிக்கல்.

இப்போ எதுக்கு இந்தப் பேச்சு?

2025 செப்டம்பர் 22 முதல் டூத் பேஸ்ட், டூத் பிரஷ் மீதான ஜிஎஸ்டி 18 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் நம் ஊரில் வாய் ஆரோக்கியம் பற்றிய பேச்சு பெரும்பாலும் பேஸ்ட்டோடு முடிந்துவிடுகிறது. வலி வந்தால் கிராம்பு, இல்லையென்றால் மெடிக்கலில் ஒரு மாத்திரை. அதுவும் கேட்காவிட்டால்தான் டாக்டர்.

உலக சுகாதார அமைப்பின் 2022 அறிக்கைப்படி, உலகம் முழுக்க சுமார் 350 கோடி பேருக்கு ஏதாவது ஒரு வாய் நோய் இருக்கிறது. உலக மக்கள்தொகையில் கிட்டத்தட்ட பாதி. அவர்களில் நான்கில் மூன்று பேர் நம்மைப் போன்ற நடுத்தர வருமான நாடுகளில் இருப்பவர்கள். 2030-க்குள் உலக மக்களில் 80 சதவீதம் பேருக்கு அடிப்படை வாய் சிகிச்சை கிடைக்க வேண்டும் என்று அந்த அமைப்பு இலக்கு வைத்திருக்கிறது. இதற்காகவே 2024 நவம்பரில் பாங்காக்கில் உலக நாடுகள் கூடிப் பேசின.

ஈறுக்கும் சுகருக்கும் என்ன சம்பந்தம்?

"மேல் பல்லைப் பிடுங்கினா கண் பார்வை போயிடும்" என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். அது உண்மையில்லை. மேல் பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. ஆனால் வாய்க்கும் உடம்புக்கும் தொடர்பு இருக்கிறது என்ற வரைக்கும் அந்த நம்பிக்கை சரி. என்ன, தொடர்பைக் கண்ணில் தேடினோம், அது ரத்தத்தில் இருக்கிறது.

ஈறு நோய் முற்றும்போது ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு பை மாதிரி இடைவெளி உருவாகும். அதற்குள் பாக்டீரியா குடியேறும். ஒரு பல்லில் இல்லை, பெரும்பாலும் பல பற்களைச் சுற்றி. கையிலோ காலிலோ அத்தனை இடத்தில் புண் இருந்தால் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள். வாய்க்குள் வலிக்காமல் இருப்பதால் வருஷக்கணக்கில் விட்டுவிடுகிறோம்.

அந்தப் புண்ணோடு உடம்பு ஓயாமல் சண்டை போடுகிறது. அந்தச் சண்டையில் உருவாகும் அழற்சி ரசாயனங்கள் ரத்தத்தில் கலந்து, இன்சுலின் சரியாக வேலை செய்யவிடாமல் தடுக்கின்றன. சுகர் ஏறுகிறது. சுகர் ஏறினால் ரத்தக் குழாய்கள் பாதிக்கப்பட்டு, நோய் எதிர்ப்பு சக்தி குறைந்து, ஈறுப் புண் ஆறாமல் போகிறது. மறுபடியும் சுகர் ஏறுகிறது. ஒன்று இன்னொன்றை வளர்க்கிறது.

இது வெறும் தியரி இல்லை. சுகர் நோயாளிகளுக்கு ஈறு சிகிச்சை கொடுத்துப் பார்த்த 35 ஆய்வுகளைச் சேர்த்து அலசிய காக்ரேன் ஆய்வறிக்கை 2022-ல் வெளியானது. மூன்று, நான்கு மாதங்களில் ஹெச்பிஏ1சி, அதாவது மூணு மாச சராசரி சுகர், 0.43 புள்ளி குறைந்திருந்தது. ஒரு வருஷம் வரை கவனித்த ஆய்வுகளில் 0.50 குறைவு. 8.5-ல் இருக்கும் ஒருவர் 8.1-க்கு வருவது போல. மாத்திரையை நிறுத்தும் அளவுக்கு இல்லை. ஆனால் பல்லைச் சுற்றி சுத்தம் செய்ததால் மட்டுமே கிடைத்த குறைவு என்று பார்த்தால் சின்னதும் இல்லை.

இந்த எண் நமக்கு ஏன் முக்கியம்? இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் - இந்தியாப் ஆய்வு சொன்னது. சென்னை மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு அது. சுகர் நோயாளியிடம் பாதத்தைப் பாருங்க, கண்ணைப் பாருங்க, கிட்னியைப் பாருங்க என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஈறைப் பாருங்க என்று சொல்வது குறைவு.

அப்போ ஹார்ட் அட்டாக்?

வாட்ஸ்அப்பில் சுற்றும் வீடியோக்கள் கொஞ்சம் ஓவராகப் போவது இங்கேதான். ஈறு நோய் உள்ளவர்களுக்கு இதய நோய் அதிகம் காணப்படுகிறது என்பது உண்மை. ஆனால் ஈறு நோய்தான் ஹார்ட் அட்டாக்குக்குக் காரணம் என்றோ, ஈறைச் சரிசெய்தால் அது வராது என்றோ நிரூபணம் இல்லை என்று அமெரிக்க இதய சங்கம் 2012-ல் சொன்னது. புகை, சுகர் போன்ற காரணங்கள் இரண்டு நோய்க்கும் பொதுவானவை. அதனாலும் இரண்டும் சேர்ந்தே வரலாம்.

அல்சைமர் விஷயமும் அப்படித்தான். ஈறு நோய் பாக்டீரியாவின் தடயங்கள் நோயாளிகளின் மூளையில் இருந்ததாக 2019-ல் வந்த ஆய்வு பரபரப்பைக் கிளப்பியது. அந்தப் பாக்டீரியாவைக் குறிவைத்த மருந்து, 2021-ல் சோதனையில் தோற்றுப்போனது.

ஆனால் சந்தேகமே இல்லாத ஒரு இதய ஆபத்து உண்டு. செயற்கை வால்வு பொருத்தியவர்களுக்கும், ஏற்கெனவே இதய உள்ளுறைத் தொற்று வந்தவர்களுக்கும், வாயிலிருந்து ரத்தத்தில் கலக்கும் பாக்டீரியா நேராக வால்வில் போய் உட்காரலாம். அதனால்தான் அவர்களுக்குப் பல் பிடுங்கும் முன் ஆன்டிபயாடிக் கொடுக்கப்படுகிறது. பல் டாக்டரிடம் இதயப் பிரச்சனையைச் சொல்லாமல் மறைப்பது பெரிய தப்பு.

நம்ப முடியாத இன்னொன்று ஐசியூவில் நடக்கிறது. மருத்துவமனை நோயாளிகளுக்குத் தினமும் பல் தேய்த்துவிடுவது பற்றிய 15 சோதனைகளை அலசிய ஆய்வு 2023 டிசம்பரில் வெளியானது. பல் தேய்த்துவிடப்பட்டவர்களுக்கு மருத்துவமனையில் தொற்றும் நிமோனியா சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. குறிப்பாக வென்டிலேட்டரில் இருந்தவர்களுக்குப் பலன் அதிகம். வாயில் தங்கும் கிருமி நுரையீரலுக்கு இறங்குவது தடுக்கப்படுகிறது. பிரஷ்ஷும் ஒரு நர்ஸின் சில நிமிஷமும்தான் செலவு.

காசு யார் கொடுப்பது?

பெரும்பாலான மருத்துவக் காப்பீட்டு பாலிசிகளில் சாதாரணப் பல் சிகிச்சை கிடையாது. விபத்தில் தாடை உடைந்து அட்மிட் ஆனால் உண்டு. ஈறு சுத்தம் செய்ய, சொத்தை அடைக்க, வேர் சிகிச்சை செய்ய பெரும்பாலும் கைக்காசுதான். அதாவது சின்னதில் தடுக்கக் காசு இல்லை, முற்றிப்போய் அட்மிட் ஆனால் காசு உண்டு. மேரிலாந்தில் நடந்ததும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். பல் சீழ் தாடைக்குக் கீழே கழுத்துக்குப் பரவி மூச்சை அடைப்பது இங்கேயும் நடக்கிறது. சுகர் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல்.

தமிழ்நாட்டில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. சென்னையிலும் சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பரிசோதிக்க 2023-ல் 'புன்னகை' திட்டம் வந்தது. ஆனால் ஈறு நோய் பெரும்பாலும் பெரியவர்களின் நோய். அவர்களின் வீட்டுக் கதவைத் தட்டும் திட்டமும் நம்மிடம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் சுகர், பிபி மாத்திரைகள் வீடு தேடியே போகின்றன. 30 வயதைத் தாண்டியவர்களுக்கு வாய்ப் புற்றுநோய் பரிசோதனை செய்வதும் தொற்றா நோய்த் திட்டத்தில் ஏற்கெனவே உண்டு.

ஆக, வாயைத் திறக்கச் சொல்லியாகிவிட்டது. அப்படியே ஈறையும் ஒரு பார்வை பார்ப்பதும், "பல் தேய்க்கும்போது ரத்தம் வருதாம்மா?" என்று கேட்பதும், வந்தால் அரசு மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பதும் பெரிய செலவு பிடிக்கும் வேலை இல்லை. சுகர் மாத்திரைக்குச் செலவிடும் அரசுக்கு, சுகரையே கொஞ்சம் குறைக்கும் சிகிச்சை லாபக் கணக்குதான்.

எதைப் பார்த்து உஷாராகணும்?

பல் தேய்க்கும்போது ரத்தம், ஈறு வீக்கம், விடாத வாய் நாற்றம், ஈறு இறங்கிப் பல் நீளமாகத் தெரிவது, பல் ஆட்டம். இவற்றில் எது இருந்தாலும் வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம். சிகரெட் பிடிப்பவர்கள் ரத்தம் வரவில்லை என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. புகைப்பதால் ஈறின் ரத்த ஓட்டம் குறைந்து, நோய் இருந்தாலும் ரத்தம் வெளியே தெரியாமல் போகலாம்.

"கிளீனிங் பண்ணா பல்லு ஆடும்" என்ற பயமும் பலருக்கு இருக்கிறது. பல்லில் படிந்த காரையை எந்தப் பேஸ்ட்டாலும் கரைக்க முடியாது, ஸ்கேலிங் செய்துதான் எடுக்க வேண்டும். ஈறும் எலும்பும் ஏற்கெனவே இறங்கிவிட்ட இடத்தில் அந்தக் காரைதான் சிமென்ட் மாதிரி பற்களைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதை எடுத்ததும் உள்ளே நடந்த சேதம் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

கர்ப்பிணிகளும் பயப்பட வேண்டியதில்லை. ஈறு சிகிச்சை குறைப்பிரசவத்தைத் தடுக்கவில்லை என்று 2006-ல் வந்த பெரிய ஆய்வு சொன்னது. அதே ஆய்வு அந்தச் சிகிச்சை பாதுகாப்பானது என்றும் சொன்னது. சுகர் இருப்பவர்கள் பல் டாக்டரிடம் போகும்போது கடைசியாக எடுத்த ஹெச்பிஏ1சி ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோகலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் தாங்களாகவே அதை நிறுத்திவிட்டுப் போகக் கூடாது. எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேட்டுவிட்டுப் போகணும்.