மயில் மேல் எஃப்.ஐ.ஆர்.

கொல்லையில் ஒரு மரத்தின் காய் கடிபட்டுக் கிடந்தால் நம் ஊரில் விசாரணை எவ்வளவு நேரம் நடக்கும் தெரியுமா? அதிகபட்சம் அரை நிமிஷம். "மயிலுதாங்க. வேற எது?" தீர்ப்பு வந்தாச்சு. அப்பீல் கிடையாது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் இப்படித் தீர்ப்பு எழுத வசதி அதிகம். விராலிமலை முருகன் கோயில் மலையை விட்டு மயில் இறங்கி வெகு காலமாகிவிட்டது. பகலில் வரும், கத்தும், காம்பவுண்டு சுவரில் நின்று போஸ் கொடுக்கும். கண்ணில் படுகிறவன்தான் குற்றவாளி என்றால் மயிலுக்கு ஜென்மத்துக்கும் ஜாமீன் கிடைக்காது. மயில் யோக்கியம் என்று நான் சொல்ல வரவில்லை. விதைத்த நிலக்கடலையைக் கிளறும், தக்காளியைக் கொத்தும், நெல்லை மிதித்து நாசம் செய்யும். அதெல்லாம் தரையில் நடக்கிற விவகாரம். நாற்பது அடி உயரத்துத் தென்னங்குரும்பையில் ஓட்டை போட்டது யார் என்பது தனி வழக்கு.

பி.காம். படிக்கிறவனுக்கு முதல் வருஷமே சொல்லித்தரும் பாடம் ஒன்று உண்டு. வவுச்சர் இல்லாமல் எண்ட்ரி போடாதே. மரத்தடியில் வவுச்சர் தினமும் விழுந்து கிடக்கிறது. குனிந்து எடுத்துப் பார்க்கத்தான் நமக்கு முடியவில்லை.

எடுத்துப் பாருங்கள். குரும்பையில் காம்பை ஒட்டிய பக்கம் வட்டமாகக் குடைந்த ஓட்டை இருந்தால் அது பெரும்பாலும் எலி. வயல் எலி இல்லை, மரத்திலேயே குடித்தனம் நடத்துகிற எலி. மட்டைகளுக்கு நடுவே கூடு கட்டி, கீழே இறங்காமலே பல நாள் காலம் தள்ளும். ஓட்டையே இல்லாமல் குரும்பை கொட்டினால் விலங்கைத் தேடாதீர்கள். சிலந்திப்பேன், உரப் பற்றாக்குறை, தண்ணீர் என்று விசாரணை வேறு பக்கம் போக வேண்டும். விரிந்த ஓலை கத்தரிக்கோலால் நறுக்கிய மாதிரி விசிறி வடிவில் வெட்டுப்பட்டிருந்தால், தயவுசெய்து பங்காளி மேல் சந்தேகப்படாதீர்கள். குருத்துக்குள் இருக்கும்போதே காண்டாமிருக வண்டு வேலையை முடித்துவிட்டது. ஓலை விரிகிறபோதுதான் உங்களுக்குத் தெரிகிறது. அந்த வண்டின் பிரசவ ஆஸ்பத்திரி எங்கே? உங்கள் வீட்டு எருக்குழியிலும், அப்புறப்படுத்தாமல் போட்ட செத்த தென்னைத் தண்டிலும்தான்.

பழத்தைத் தூக்கிப் போய் வேறு மரத்தில் வைத்துச் சாற்றை உறிஞ்சிவிட்டு, சக்கையை உருண்டையாகத் துப்பியிருந்தால் பழந்தின்னி வௌவால். மதில் மேல், மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் மேல், கொட்டை கொட்டையாக எச்சம் கிடந்தால் மரநாய். பேரில்தான் நாய், நாய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பூட்டிக் கிடக்கிற பெரிய வீட்டுப் பரண் என்றால் அதற்கு அரண்மனை மாதிரி. ராத்திரியில் சந்தடி இல்லாமல் வந்து பழுத்ததாகப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டுப் போய்விடும். காலையில் நீங்கள் பார்க்கும்போது மரத்தில் அணில் உட்கார்ந்திருக்கும். பழி அணிலுக்கு!

இதைவிட அநியாயம் மரங்கொத்தி கதை. மாமரத்தில் ஓட்டை, பக்கத்தில் மரங்கொத்தி. "இதுதான் மரத்தைக் கெடுக்குது" என்று கல்லை எடுக்கிறோம். மரத்தூள் மாதிரி கீழே கொட்டிக் கிடக்கிறதே, அது தண்டுத் துளைப்பான் புழுவின் கைங்கரியம். மரங்கொத்தி அந்தப் புழுவைப் பிடிக்க வந்த போலீஸ்.

ஒரு சின்னத் தகவல். கன்று மரத்தில் பட்டை உரிந்து, ஒரு குறிப்பிட்ட உயரம் வரைக்கும் மட்டும் தழை காலியாகியிருந்தால், காட்டு விலங்கைத் தேடி நார்த்தாமலைப் பக்கம் பார்க்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டில் கட்டிக் கிடக்கும் ஆட்டைப் பின்னங்காலில் நிற்க வைத்து அளந்து பாருங்கள். கணக்கு சரியாக இருக்கும்.

'எலியோ மயிலோ, தொலையட்டுமே, இதற்கா ஒரு பக்கம்?' என்று கேட்பீர்கள். தொலைவது யார் என்பதுதான் பிரச்னை. ஆளை அடையாளம் காணாமல் வைக்கிற விஷத்துக்கு ஆளை அடையாளம் காணத் தெரியாது. மரநாய்க்கு வைத்ததை மயில் தின்னும். விஷம் தின்ற எலியைக் கூகை தின்னும், பூனை தின்னும். எலிக்குப் பரம எதிரிகள் கூகையும் சாரைப்பாம்பும். ஒன்றை அபசகுனம் என்று விரட்டுகிறோம், இன்னொன்றைப் பாம்பு என்று அடிக்கிறோம். பிறகு எலித் தொல்லை என்று புலம்புகிறோம்! எலிக்கும் பன்றிக்கும் என்று திருட்டுத்தனமாகப் போட்ட மின்வேலியில் மனிதர்கள் செத்த செய்தி தமிழ்நாட்டுப் பேப்பரில் எத்தனை தடவை வந்தாயிற்று? மயில் 1963-லிருந்து தேசியப் பறவை. வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. கொன்றால் 3 வருஷத்துக்குக் குறையாத சிறை. செய்யாத தப்புக்கு அது சாகும், அதற்காக நீங்கள் உள்ளே போவீர்கள். எலி மட்டும் மேலே உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருக்கும்.

சட்டம் மட்டும் யோக்கியமா? 1972-ல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் ஐந்தாம் அட்டவணை என்று ஒன்று இருந்தது. தீங்கு செய்யும் பிராணிகள் பட்டியல். காகம், எலி, சுண்டெலியோடு பழந்தின்னி வௌவாலையும் அதில் சேர்த்திருந்தார்கள். இலுப்பைப் பூவில் மகரந்தம் சேர்த்து, அதன் விதையைப் பரப்பி, கோயில் காடுகளில் இலுப்பை முளைக்க உழைக்கிற ஜீவன் அது. எலியோடு ஒரே வரியில் ஐம்பது வருஷம் கிடந்தது. 2022 சட்டத் திருத்தம்தான் அந்த அட்டவணையை எடுத்தது. அமலானது 2023 ஏப்ரலில்.

நம்மவர்கள் நிறையப் பேர் குடியேறிய மொரீஷியஸில் அரசாங்கமே இந்த அரை நிமிஷ விசாரணையை நடத்தியது. லிச்சியும் மாம்பழமும் போச்சு, வௌவால்தான் காரணம் என்று 2015-லிருந்து சுட்டுத் தள்ளினார்கள். காற்றும் பறவைகளும் சேர்ந்துதான் பழத்தை வீணாக்குகின்றன என்று ஆராய்ச்சியாளர்கள் கத்தியது எடுபடவில்லை. பல்லாயிரம் வௌவால்கள் செத்தன. 2018-ல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அந்த இனத்தை அழியும் ஆபத்தில் இருப்பவற்றின் பட்டியலுக்கு மாற்றியது.

சரி, இந்தப் பக்கம் ஒரு கோஷ்டி இருக்கிறது. சென்னையில் மூன்றாவது மாடி பால்கனியில் மணிபிளான்ட் வளர்த்துக்கொண்டு, "பாவம், அது இருந்த இடத்தை நாமதானே பிடிச்சோம்" என்று உச் கொட்டுகிறவர்கள். அவர்களை வடகாட்டுக்கும் கீரமங்கலத்துக்கும் ஒரு நடை கூட்டிப்போக வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்த அடியில் அங்கே தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. தலைமுறை தலைமுறையாகப் பலன் கொடுத்த பலாமரம் ஒரே ராத்திரியில் விறகாயிற்று. மறுபடியும் கன்று வைத்து, தண்ணீர் ஊற்றி, வருஷக்கணக்கில் காத்திருந்து முதல் காய் பார்க்கிறவரிடம் போய் ஜீவகாருண்யம் பேசினால் அவர் கையில் இருப்பதை எறிவார். எறியட்டும், தப்பில்லை. அவருடைய கோபம் நியாயம். முகவரிதான் தப்பு.

இன்னொரு முகவரியும் இருக்கிறது. யாரும் அங்கே போவதில்லை. இந்த மாவட்டத்தின் காட்டு நிலத்தில் பெரும் பகுதி என்ன ஆயிற்று? காகிதக் கூழுக்காகத் தைலமரம் வைத்தாயிற்று. தைலமரத்தில் நாவல் பழுக்காது. வௌவாலும் மரநாயும் அங்கே எதைத் தின்னும்? சூரை, களா, பாலை, வீரை என்று பழம் கொடுத்த புதர்க்காட்டை வழித்துவிட்டு, பசித்தது உங்கள் கொய்யாவைத் தேடி வந்தால் அதைக் கொள்ளைக்காரன் என்பது நல்ல வியாபாரம்! கிராமத்து விவசாயிகள் தைலமரத்தை எடுங்கள் என்று மனு மேல் மனுவாகக் கொடுத்திருக்கிறார்கள். கொல்லை மரத்துக்காக அழுகிற டவுன்காரர்கள் யாராவது அந்த மனுவில் கையெழுத்துப் போட்டோமா?

பூச்சி என்றால் வேளாண்மைத் துறை, விலங்கு என்றால் வனத்துறை என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். பூச்சியா விலங்கா என்றே தெரியாதவர் எங்கே போவது? வம்பனில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. கடிபட்ட காயையும் ஓலையையும் பையில் போட்டு எடுத்துப்போய்க் கேளுங்கள். அந்தக் காயை அவர்களும் வனத்துறையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்க்க ஏற்பாடு வேண்டும் என்று கலெக்டர் ஆபீஸ் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கேளுங்கள். மாதா மாதம் நடக்கிற கூட்டம்தானே.

அதுவரை ஒரு சுலபமான வேலை. ராத்திரி படுக்கப் போகும்போது மரத்தைச் சுற்றிச் சலித்த சாம்பலையோ கல் கோலமாவையோ மெல்லிசாகத் தூவிவிடுங்கள். காலையில் கால் தடம் பதிந்திருக்கும். தெளிவாக நாலு விரல் என்றால் நாய், பூனை. ஐந்து விரலோடு பூனை அளவுப் பாதம் என்றால் மரநாய். மூன்று நீள விரல் முன்னால் விரிந்திருந்தால், ஆமாம், மயில்தான். தடமே இல்லாமல் குரும்பை மட்டும் விழுந்திருந்தால் ஆசாமி மேலேயே குடியிருக்கிறான் என்று அர்த்தம். ஆள் ஏற்றி மட்டைக்கிடையில் கூட்டைக் கலைத்து, கொண்டையைச் சுத்தம் செய்துவிட்டு, தரையிலிருந்து ஆறேழு அடி உயரத்தில் முழங்கை அகலத் தகரத்தைத் தண்டைச் சுற்றி அடியுங்கள். வழுக்கும், எலி ஏற முடியாது. அடிப்பதற்கு முன்னால் ஓலை பக்கத்து மரத்தைத் தொடுகிறதா என்று பாருங்கள். தொட்டால் அந்த மரத்துக்கும் ஒரு தகரம் வாங்க வேண்டும்.