நஷ்டம் காட்டினால் வரி மிச்சமா?

"பிரைவேட் லிமிடெட் வைத்திருப்பவர்கள் சம்பளத்தைத் தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். கம்பெனி நஷ்டத்தில் போனால் வரியே கிடையாது." கிங்ஸ் சர்க்கிளில் சிறு வியாபாரிகள் மத்தியில் ஒரு வரி ஆலோசகர் இப்படிப் பேசினார். தாராவித் தோல் பட்டறைக்காரர்களும் மாட்டுங்கா கடைக்காரர்களும் நம்பிக் கேட்டார்கள். இது அவர்கள் பணத்தைக் கரைக்கும் யோசனை.

கம்பெனி வேறு, முதலாளி வேறு. சம்பளம் கம்பெனிக்குச் செலவு என்றால் முதலாளிக்கு அதுவே வருமானம். அந்த இரண்டாவது பாதியை ஆலோசகர் விழுங்கிவிட்டார். 2025-26 நிதியாண்டுக்கே கணக்குப் போடுவோம். சம்பளத்துக்கு முன் பட்டறையின் லாபம் 12 லட்சம். அந்த 12 லட்சத்தையும் முதலாளி சம்பளமாக எடுத்தால், வேறு வருமானம் இல்லாதவருக்குப் புதிய முறையில் வரி பூஜ்யம். கம்பெனிக்கும் பூஜ்யம். ஆலோசகர் பேச்சை நம்பி 20 லட்சம் எடுத்தால் கம்பெனிக்கு 8 லட்சம் நஷ்டம். முதலாளி தலையில் செஸ் உட்பட 1,92,400 ரூபாய் வரி! கம்பெனி நஷ்டத்தை அவர் சம்பளத்தில் கழிக்க வழியில்லை. கூடுதல் 8 லட்சத்தைக் கடன் வாங்கியோ முதலைத் தின்றோதான் கொடுத்திருக்க முடியும். சம்பாதிக்காத பணத்துக்கு வரி கட்டச் சொல்வதா ஆலோசனை?

நஷ்டத்தை அடுத்தடுத்த வருஷங்களுக்குக் கொண்டுபோகலாம் என்பார். கொண்டுபோகலாம், 8 ஆண்டு வரை. ரிட்டர்னைக் கெடுவுக்குள் போட்டிருக்க வேண்டும். அதற்குள் லாபமும் வர வேண்டும். பாதிக்கு மேல் பங்குகளைப் புதிய கூட்டாளிக்கு விற்றுவிட்டாலோ, வருமான வரிச் சட்டம் அந்தப் பழைய நஷ்டத்தைக் கழிக்கவே விடாது.

மனைவி பெயரிலும் சம்பளம் எழுதலாம் என்றது இன்னும் மோசம். தொழில் தகுதியோ அனுபவமோ இல்லாத மனைவிக்குக் கணவனின் கம்பெனி தரும் சம்பளம், வருமான வரிச் சட்டப்படி கணவன் வருமானத்தோடுதான் சேரும். வேலைக்கு மிஞ்சிய சம்பளத்தைக் கம்பெனிச் செலவாக ஏற்க மறுக்கவும் அதிகாரிக்கு உரிமை உண்டு. ஒரே பணத்துக்கு இரண்டு அடி.

கேட்டவர்களில் கம்பெனியே இல்லாத தனி உரிமையாளர்களும் இருந்தார்கள். அவர்கள் கல்லாவிலிருந்து எடுப்பது சம்பளமே ஆகாது, செலவிலும் சேராது. அதைக்கூடப் பிரித்துச் சொல்லாதவருக்கு வரி பற்றிப் பேச என்ன தகுதி?

வியாபாரிகளே, சம்பளத்தை முடிவு செய்யுமுன் கம்பெனிக் கணக்கையும் உங்கள் சொந்தக் கணக்கையும் ஒரே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுப்பவர் நீட்டும் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.