கடைசி இன்னிங்ஸ் வீசினால்தான் காசா? ஒரு பேஸ்பால் வீரரின் சம்பள வழக்கு!

கிரிக்கெட்டில் 20-வது ஓவரைப் போட்டு ஜெயிக்க வைப்பவரைத்தான் எல்லோரும் கொண்டாடுவார்கள். 19-வது ஓவரில் எதிரணியை முடக்கியவரைப் பலருக்கும் நினைவிருக்காது. அமெரிக்க பேஸ்பாலில் இந்த வித்தியாசம் சம்பளத்திலேயே எதிரொலிக்கும். டெலின் பெட்டான்சஸின் கதை அதற்கு நல்ல உதாரணம்.

நியூயார்க்கிலேயே பிறந்து வளர்ந்து, அதே ஊரின் யாங்கீஸ் அணிக்கு ஆடியவர் பெட்டான்சஸ். ஆட்டத்தின் பின்பாதியில் வந்து பந்து வீசும் 'ரிலீவர்' அவர். 2014-ல் 135, 2015-ல் 131, 2016-ல் 126 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தார். மூன்று வருடமும் ஆல்-ஸ்டார் அணியில் இடம். ஆனால், 2016-ல் அவர் சம்பளம் சுமார் 5 லட்சம் டாலர்தான்!

காரணம் விதி. பெரும்பாலான வீரர்கள் மேஜர் லீகில் ஏறக்குறைய மூன்று வருடம் ஆடிய பிறகுதான் சம்பளத்துக்காக நடுவர் குழுவிடம் போக முடியும். ஆறு வருடம் முடிந்தால்தான் விரும்பிய அணிக்குப் போகலாம். 1974-லிருந்து நடக்கும் இந்த முறையில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. வீரர் ஒரு தொகை சொல்வார், அணி ஒரு தொகை சொல்லும். மூன்று பேர் கொண்ட குழு இரண்டில் ஒன்றைத்தான் தேர்வு செய்ய வேண்டும். நடுவில் ஒரு தொகையைச் சொல்லிச் சமாதானம் செய்ய முடியாது. அதனாலேயே பலரும் விசாரணைக்கு முன்பே பேசி முடித்துக்கொள்வார்கள்.

பெட்டான்சஸ் பேசி முடிக்கவில்லை. அவர் கேட்டது 50 லட்சம் டாலர். அணி தருவதாகச் சொன்னது 30 லட்சம்.

சிக்கல் எங்கே? முன்னிலையில் இருக்கும் ஆட்டத்தைக் கடைசி வரை காத்து முடித்துக்கொடுப்பவருக்கு 'சேவ்' என்ற கணக்கு சேரும். அந்த வேலைக்கென்றே இருப்பவர் 'க்ளோசர்'. சம்பளப் பேச்சில் சேவ் எண்ணிக்கைக்குத் தனி மதிப்பு. பெட்டான்சஸ் பெரும்பாலும் அதற்கு முந்தைய இன்னிங்ஸ்களில் வீசியவர். 2016-ல் அவருக்கு 12 சேவ்தான். அதுவும் பெரும்பாலும் சாப்மன், மில்லர் இருவரையும் அணி வேறு ஊர்களுக்கு அனுப்பிய பிறகு கிடைத்தவை. அந்த டிசம்பரிலேயே சாப்மனை 5 வருடத்துக்கு 8.6 கோடி டாலர் கொடுத்துத் திரும்ப அழைத்துவிட்டார்கள். அடுத்த சீசனின் க்ளோசர் யார் என்பது அங்கேயே முடிவாகிவிட்டது.

2017 பிப்ரவரியில் தீர்ப்பு அணிக்குச் சாதகமாக வந்தது. அத்தோடு விட்டார்களா? அணித் தலைவர் ராண்டி லெவின் அன்றே நிருபர்களிடம் பேசினார். பெட்டான்சஸை க்ளோசர் என்பது, 'நான் விண்வெளி வீரர்' என்று தானே சொல்லிக்கொள்வதைப் போன்றது என்று கிண்டலடித்தார். தன்னைக் குறை சொன்ன விசாரணையை முழுக்க உட்கார்ந்து கேட்டிருந்த பெட்டான்சஸ், மனம் நொந்ததை மறைக்கவில்லை. கேட்டது கிடைக்காவிட்டாலும் சம்பளம் பல மடங்கு கூடியது உண்மைதான். ஆனால், காயம் பணத்தில் இல்லையே!

எந்த இன்னிங்ஸில் வீசுவது என்பதை முடிவு செய்வது வீரர் இல்லை, அணிதான். அதே அணி, 'நீ கடைசி இன்னிங்ஸ் வீசுபவன் இல்லையே' என்று சம்பளத்தில் கை வைத்தால் யாருக்குத்தான் வலிக்காது?

ஆபீஸில் பொறுப்பைக் கொடுக்காமலே, 'அந்தப் பொறுப்பில் நீங்கள் இல்லையே' என்று இன்க்ரிமென்ட்டைக் குறைத்தால் எப்படி இருக்கும்? அனுபவித்தவர்களுக்குப் பெட்டான்சஸின் வலி புரியும்!