எத்தனை கிலோமீட்டர் ஓடும்?

இலக்கியம் பேசும் இடத்தில் டயரைப் பற்றி எழுதப் புகுவது நண்பர்கள் சிலருக்கு வியப்பளிக்கலாம். 'உருளிப்பட்டை' என்ற தமிழ்ச்சொல் இருக்க 'டயர்' என்றே எழுதுவது வேறு சிலருக்கு வருத்தமளிக்கலாம். பஞ்சர் கடைக்காரருக்கும் புரிய வேண்டும் என்பதால் வழக்குச்சொல்லையே கைக்கொள்கிறோம். சென்ற கார்த்திகை மாதத்து மழைநாள் ஒன்றுதான் இப்பொருள் குறித்து நம்மைச் சிந்திக்க வைத்தது. அதிலிருந்தே தொடங்குவோம்.

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி செல்லும் வழியில், கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று பக்கச் சாலையிலிருந்து திடீரெனத் திரும்பியது. பிரேக்கை அழுத்தினோம். ஏபிஎஸ் அதிர்வது காலுக்குத் தெரிந்தது. ஆனாலும் கார் வழுக்கிக்கொண்டே சென்று, டிரெய்லருக்கு ஒரு முழத் தொலைவில் நின்றது. பின்னிருக்கையில் இருந்த அம்மா, "ஏன்டா தம்பி, பிரேக் பிடிக்கலையா?" என்று மட்டும் கேட்டார்கள். பிரேக் பிடிக்கத்தான் செய்தது. டயர்தான் சாலையைப் பிடிக்கவில்லை.

அவ்வாண்டு ஆடி மாதத்தில்தான் ஒரு டயர்க் கடையில் அவற்றைக் காட்டியிருந்தோம். "பட்டன் நல்லா இருக்கு சார், இன்னும் பத்தாயிரம் ஓட்டலாம்" என்றார் கடைக்காரர். அவர் கூறியது பொய்யன்று. வண்டி 38,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. பட்டனின் பள்ளமும் சட்டம் வேண்டும் 1.6 மில்லிமீட்டரைவிட மிகுதியாகவே இருந்தது. ஆனால் அந்த டயர்களுக்கு வயது எட்டு. ரப்பர் இறுகிப் போயிருந்தது. வயதை நாமும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

திருவொற்றியூரிலும் அரக்கோணத்திலும் ஒரகடத்திலும் டயர் செய்யும் மாநிலம் நம்முடையது. எனினும் கடைக்குச் செல்லும் நாம் கேட்பவை இரண்டே கேள்விகள்: விலை என்ன? எத்தனை கிலோமீட்டர் ஓடும்? இவற்றுள் இரண்டாவது கேள்வி வாடகை வண்டியிலும் லாரியிலும் பிறந்தது. நாளொன்றுக்கு 200 கிலோமீட்டர் ஓட்டிப் பிழைப்பவருக்கு அது வாழ்வாதாரக் கேள்வி. அதே கேள்வியைக் குடும்பக் காருக்கு முதற்கேள்வியாகக் கொள்வது பிழை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

ஒரு டயரிடம் நாம் எதிர்பார்க்கும் நற்பண்புகள் ஒன்றோடொன்று இணங்குவன அல்ல. மென்மையான ரப்பர் சாலையை நன்கு பற்றும். ஆனால் விரைவில் தேயும். கடினமான ரப்பர் நெடுநாள் உழைக்கும், ஈரத்தில் கைவிடும். எரிபொருள் மிச்சமாக வேண்டுமென்று உருள்தடையைக் குறைக்கப் போனால் பிடிமானம் குறையும் இடரும் உண்டு. 1990களில் ரப்பரில் சிலிக்கா சேர்க்கும் முறை பரவியபின் இம்முரண்பாடு பெரிதும் தணிந்தது, அடியோடு நீங்கிவிடவில்லை. எல்லாவற்றிலும் சிறந்த டயர் என்று எவரேனும் விற்க வந்தால் ஐயுறுவதே முறை.

ஐரோப்பாவில் கோடை டயர், குளிர்கால டயர் என இருவகை உண்டு. வெப்பநிலை ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழ் இறங்கினால் கோடை டயரின் ரப்பர் இறுகிவிடும் என்பதால், பருவத்துக்கேற்ப மாற்றிக்கொள்கிறார்கள். நம் சமவெளிகளில் விற்கும் கார் டயர்கள் பெரும்பாலும் அக்கோடை வகையைச் சார்ந்தவையே. ஆகவே கோடை டயர்களை அவர்கள் ஒப்பிடும் முறையிலிருந்து நாம் கற்க இடமுண்டு. ஜெர்மனியின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏடிஏசி ஆண்டுதோறும் கோடை டயர்களைச் சோதித்துப் பட்டியலிடுகிறது. 2023 முதல் அதன் மதிப்பெண்ணில் 70 விழுக்காடு ஓட்டப் பாதுகாப்புக்கு, 30 விழுக்காடு சுற்றுச்சூழல் தன்மைக்கு. நாம் முதலில் கேட்கும் 'எத்தனை கிலோமீட்டர்' அங்கு அந்த 30-க்குள் ஒரு பகுதி. அப்பட்டியலை அப்படியே நம்மூருக்குப் பொருத்த இயலாது. அங்கு சோதிக்கப்பட்ட டயர் இங்கு கிடைக்காமற் போகலாம். ஆனால் எதை முதலில் வைப்பது என்ற வரிசையை எடுத்துக்கொள்ளலாம்.

பணக் கணக்குக்கு வருவோம். ஒரு டயர் 5,000 ரூபாய். 50,000 கிலோமீட்டர் ஓடும். மற்றொன்று 6,000 ரூபாய். 40,000 கிலோமீட்டர்தான் ஓடும், ஆனால் ஈரத்தில் விரைந்து நிற்கும். இவற்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கிலோமீட்டருக்கு முன்னது 10 பைசா, பின்னது 15 பைசா. வாடகை ஓட்டுநர் முன்னதைத் தேர்ந்தால் அவரை நாம் குறை சொல்ல மாட்டோம். ஆனால் ஆண்டுக்கு 5,000 கிலோமீட்டரே ஓட்டும் நம் போன்றோருக்கு முன்னது தேய்ந்து முடிய 10 ஆண்டுகள் ஆகும். பின்னது தேய 8 ஆண்டுகள். அதற்குள் ரப்பர் கிழடாகிவிடும். கார் நிறுவனங்கள் சில 6 ஆண்டுகளில் மாற்றச் சொல்கின்றன. டயர் நிறுவனங்கள் சில, 5 ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுதோறும் சோதிக்கவும், எந்நிலையிலும் 10 ஆண்டுகளைத் தாண்டாதிருக்கவும் அறிவுறுத்துகின்றன. 6 ஆண்டுகளில் மாற்றுவதாயின் இரண்டும் நமக்கு 30,000 கிலோமீட்டர்தான். நான்கு டயருக்கும் சேர்த்து மிகுதிச் செலவு 4,000 ரூபாய். அதாவது மாதத்துக்கு 56 ரூபாய். ஓடவே போகாத கிலோமீட்டர்களுக்காக மழைநாளின் சில அடிகளை விட்டுக்கொடுப்பது சிக்கனமாகுமா?

சொகுசைப் பற்றியும் ஒரு சொல். டயரின் பக்கச் சுவரில் 185/65 ஆர் 15 என்பது போல எழுதியிருக்கும். அகலம் 185 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அதில் 65 விழுக்காடு. வீலின் விட்டம் 15 அங்குலம். தோற்றப் பொலிவுக்காகப் பெரிய வீலும் தாழ்ந்த பக்கச் சுவரும் பூட்டுவோர் பெருகிவருகின்றனர். திருப்பத்தில் கார் சொன்னபடி கேட்கும் என்பது உண்மையே. ஆனால் பள்ளத்தின் அதிர்ச்சியை ஏற்பது அப்பக்கச் சுவரும் அதனுள் உள்ள காற்றும்தான். நம் சாலைகளில் கார் நிறுவனம் குறித்த அளவே முதுகுக்கும் வீலுக்கும் நல்லது.

அனைவராலும் ஒரே நாளில் 24,000 ரூபாய் எடுத்து வைக்க முடியுமா என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இரண்டு மட்டுமே வாங்க இயலுமாயின் புதியவற்றைப் பின்பக்கம் பூட்டச் சொல்லுங்கள். முன்பக்கம் பூட்டுவதே வழக்கமாக இருந்தாலும், ஈரச் சாலையில் பின்பக்கம் வழுக்கினால் காரைத் திருத்துவது கடினம் என்பதால் டயர் நிறுவனங்கள் இதையே பரிந்துரைக்கின்றன. ஸ்டெப்னி உட்பட ஐந்துக்கும் மாதம் ஒருமுறையேனும் காற்றுப் பார்ப்பது அதனினும் மலிவானது. காற்றுக் குறைந்த டயர் மிகுதியாக வளைந்து நெளிந்து சூடேறும். சித்திரை வெயிலில் நெடுஞ்சாலையில் டயர் வெடிப்பதற்கு இது முதன்மையான காரணங்களுள் ஒன்று.

வாங்கும்போது பக்கச் சுவரைப் படியுங்கள். 2325 என்று நான்கு இலக்கம் இருந்தால் அது 2025ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. 'டிராக்ஷன்' என்ற சொல்லுக்கருகில் ஏஏ, ஏ, பி, சி என்னும் தரம் பொறித்திருந்தால் அது ஈரத்தில் பிரேக் பிடிக்கும் திறனைக் குறிக்கும். 'ட்ரெட்வேர்' எண் நிறுவனம் தானே தன் டயருக்கு இட்டுக்கொள்வது. இரு நிறுவனங்களின் எண்களை ஒப்பிடுவதால் பெரும்பயன் இல்லை.

நாம் இப்போது டயர் மாற்றிவிட்டோம். செய்த வாரத்தையும் ஆண்டையும் கார்ப் புத்தகத்தின் முதற்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம். அடுத்த முறை கடைக்குச் செல்லும் நண்பர்கள், எப்போது செய்தது, ஈரத்தில் எப்படி நிற்கும் என்ற இரண்டையும் முதலில் கேளுங்கள். எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதை அதன்பின் கேட்டுக்கொள்ளலாம்.