பொன்னாடை நாற்பது! புத்தகம் மூன்று!

பம்மலிலே பொதுக்கூட்டம். பல்லாவரத்திலிருந்து குன்றத்தூருக்குச் செல்லும் சாலையை ஒட்டி மேடை. தோல் பதனிடும் ஆலையிலே வேலை முடித்து, கை கழுவியும் வாடை போகாமல் வந்த தோழர்கள். அனகாபுத்தூரிலிருந்து வந்த நெசவுத் தோழர்கள். கொத்தனார், சித்தாள், ஓட்டுநர் என்று உழைக்கும் மக்கள் திரண்டிருந்தார்கள். நானும் பேசினேன். கைதட்டினார்கள். மகிழ்ந்தேன். பிறகு பொன்னாடைப் படலம் தொடங்கிற்று. வட்டத்துக்கு ஒன்று, கிளைக்கு ஒன்று, அணிக்கு ஒன்று! எண்ணினேன்: நாற்பது!

மேடைக்குக் கீழே, குழல்விளக்கு வெளிச்சம் எட்டியும் எட்டாத மூலையிலே, மடக்கு மேசை ஒன்று. அதன்மீது புத்தகங்கள். பின்னாலே ஒரு மனிதர். சிறு பதிப்பகம் நடத்துகிறவர். மெய்ப்புத் திருத்துபவரும் அவரே, கட்டுக் கட்டுபவரும் அவரே, வண்டியிலே வைத்துக் கொண்டுவந்தவரும் அவரே. கூட்டம் கலைந்ததும் அருகே சென்று கேட்டேன்.

"எத்தனை விற்றது?"

"மூணுங்க அய்யா. அதுல ஒண்ணு கடன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொன்னாடை ஒன்று 150 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பதுக்கு 6,000 ரூபாய். 200 ரூபாய்ப் புத்தகம் முப்பது வாங்கியிருக்கலாம்! அந்த முப்பது புத்தகம் பம்மலிலே முப்பது வீட்டுக்குள் நுழைந்திருக்கும். பொன்னாடையோ, மறுநாள் காலை மூட்டையாகக் கட்டப்பட்டுப் பரண்மீது ஏறியிருக்கும்.

பேச்சாலே வளர்ந்த இயக்கம் என்று நம்மைச் சொல்லுவார்கள். பாதிதான் உண்மை. அச்சாலும் வளர்ந்த இயக்கம் இது. 1925 மே 2-ஆம் நாள் ஈரோட்டிலே தொடங்கியதே 'குடிஅரசு', அது கோடீசுவரன் நடத்திய ஏடா? அடக்குமுறை வந்தது, 'புரட்சி' என்று பெயர் மாற்றி வெளிவந்தது. அதற்கும் இடையூறு வந்தது. 'பகுத்தறிவு' என்று வெளிவந்தது. காரல் மார்க்சும் ஏங்கெல்சும் எழுதிய பொதுவுடைமைக் கட்சி அறிக்கையைத் தமிழ்த் தொழிலாளியின் கையிலே 1931-இல் கொடுத்தது அந்தக் குடிஅரசுதான். பகத்சிங்கின் 'நான் ஏன் நாத்திகன்?' என்னும் சிறு நூலைத் தமிழாக்கினார் தோழர் ஜீவானந்தம். வெளியிட்டார் பெரியாரின் தமையனார் ஈ.வெ.கிருஷ்ணசாமி. 1930-களின் நடுவிலே இருவரையும் பிடித்துச் சிறையிலே தள்ளிற்று வெள்ளை அரசு. பக்கம் குறைந்த சிறு புத்தகம். பீரங்கி வைத்திருந்த அரசு அதைக் கண்டு நடுங்கிற்று! 1950-இலே, வெள்ளையன் வெளியேறிய பின்னும், 'ஆரிய மாயை' எழுதியதற்காக அறிஞர் அண்ணா தண்டிக்கப்பட்டாரே, மறந்துவிட்டோமா?

ஈரோடு வரை போவானேன்? பம்மலுக்குக் கூப்பிடு தூரத்திலே இருக்கிறது பல்லாவரம். சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலே தமிழாசிரியர் வேலையை விட்டுவிட்டு 1911-இல் அங்கே வந்து குடியேறினார் மறைமலை அடிகள். தாமே எழுதினார், பல்லாவரத்திலேயே அச்சுக்கூடம் வைத்துத் தம் நூல்களை வெளியிட்டார். 'இந்தி பொதுமொழியா?' என்று கேட்டு அவர் எழுதிய சிறு நூல், இந்தி எதிர்ப்புப் போரிலே தமிழன் கையிலே வாளாயிற்று. ஒரு தனி மனிதர், ஓர் அச்சுக்கூடம், அவ்வளவுதான் படை! அவர் சேர்த்துவைத்த ஏறத்தாழ 4,000 நூல்கள், அவர் மறைந்த பிறகு, 1958-இல் சென்னையிலே மறைமலையடிகள் நூலகமாயின.

பம்மலுக்கே கூடப் பெருமை உண்டு. ஊர்ப் பெயரைத் தம் பெயருக்கு முன்னாலே சுமந்தாரே பம்மல் சம்பந்த முதலியார், 1891-இல் சுகுண விலாச சபையைத் தொடங்கியவர், அவருடைய நாடக நூல்கள் பலவற்றின் வெளியீட்டாளர் யார் தெரியுமா? அவரேதான். பெரிய முதலாளி வந்து அச்சிட்டுத் தருவான் என்று காத்திருந்தால், தமிழிலே பாதி நூல்கள் பிறந்தே இரா.

"அதெல்லாம் அந்தக் காலம், இப்போது யார் எழுதுகிறார்கள்?" என்று கேட்பவர் உண்டு. எழுதுகிறார்கள், தோழர்களே! நாம்தான் படிப்பதில்லை.

1974-இல் தொடங்கப்பட்டது 'க்ரியா' பதிப்பகம். நடத்தியவர் எஸ்.ராமகிருஷ்ணன். அவர் நம் இயக்கத்தார் அல்லர். ஆனால் 1994-இலே, பெயர் அறியப்படாத ஓர் இளைஞரின் முதல் நாவலை அச்சிட்டார். 'கோவேறு கழுதைகள்' அதன் பெயர். தாழ்த்தப்பட்டவருக்குத் துணி வெளுத்து, அவர்களாலும் தாழ்த்தி வைக்கப்பட்ட குடும்பத்தின் கதை. எழுதிய இளைஞர் இமையம், பள்ளி ஆசிரியர், திராவிட இயக்கத்தான் என்று மேடையிலே தயங்காமல் சொல்லிக்கொள்பவர். பின்னர் 2020-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாடமி பரிசு அவரைத் தேடி வந்தது. பரிசு வந்த பிறகு நாம் சுவரொட்டி ஒட்டினோம். முதல் நாவல் வந்த நாளிலே எத்தனை கிளைக் கழகம் அதை வாங்கிற்று? கணக்குக் கேட்டால் தலைகுனிய வேண்டியிருக்கும்.

பாமாவின் 'கருக்கு' 1992-இலே வந்தது. அதை வெளியிட்டதும் பெரிய வணிக நிறுவனம் அன்று. மதுரையிலே இருந்த ஒரு சமூகப் பணி மையம். தாழ்த்தப்பட்ட குலத்திலே பிறந்த ஒரு பெண் தன் வாழ்வைத் தன் ஊர்ப் பேச்சிலேயே எழுதினார். இன்று அது ஆங்கிலத்திலே உலகெங்கும் படிக்கப்படுகிறது.

கடல் கடந்து பாருங்கள். யாழ்ப்பாணத்திலே ஒரு சிறுவன். சாதியைச் சொல்லி ஆசிரியர் ஒருவர் இழிவுபடுத்தியதாலே ஐந்தாம் வகுப்போடு பள்ளியைத் துறந்தான். குடும்பத் தொழிலான முடிதிருத்தும் தொழிலுக்கு வந்தான். அந்தக் கடையே அவனுக்குக் கல்லூரி. அவன்தான் டொமினிக் ஜீவா! 1966-இல் 'மல்லிகை' இதழைத் தொடங்கி, தோளிலே சுமந்து தெருத்தெருவாக விற்று, போருக்கு நடுவிலும் நடத்தி, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காத்தார். 'மல்லிகைப் பந்தல்' என்று பதிப்பகமும் வைத்துப் பிறருடைய நூல்களையும் கொண்டுவந்தார். 2021 சனவரியிலே மறைந்தார். இதைவிடச் சுயமரியாதைக்கு வேறு இலக்கணம் வேண்டுமா?

இனிக் கணக்குப் பேசுவோம். சிறு பதிப்பகத்தார் 200 ரூபாய் விலையிட்டு ஒரு நூல் போடுகிறார். விலையிலே மூன்றில் ஒரு பங்கோ, அதற்கு மேலோ, விற்கும் கடைக்குக் கழிவாகப் போய்விடும். எழுதியவருக்குப் பத்து விழுக்காடு. தாள், அச்சு, கட்டு, அஞ்சல் இத்தனையும் மிச்சத்திலே நடக்க வேண்டும். கடைக்குப் போன நூலுக்குப் பணம் எப்போது வரும்? பல மாதம் கழித்து! ஒரு காலத்திலே ஒரு பதிப்பு என்றால் 1,000, 1,200 படிகள். இன்று 300 அச்சிடவே தயங்குகிறார்கள். கேட்கக் கேட்க ஐம்பது ஐம்பதாக அச்சிடும் முறை வந்திருக்கிறது. கூட்டத்துக்கு நாற்பதாயிரம் பேரைத் திரட்டும் தமிழ்நாட்டிலே, புதிய எழுத்தாளன் ஒருவனின் நூல் முந்நூறு விற்கவில்லை என்றால் குறை எழுதியவனிடமா, நம்மிடமா?

விற்காத நூல் வெறும் நட்டம் மட்டும் அன்று. விற்காத நூலுக்குத் துணை இல்லை. துணை இல்லாத எழுத்தாளனை மிரட்டுவது எளிது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-இல் வந்தது. 2014 டிசம்பரிலே திருச்செங்கோட்டில் எரித்தார்கள். 2015 சனவரியிலே அமைதிப் பேச்சு என்ற பெயரால் அழைத்து, மன்னிப்பு எழுதி வாங்கினார்கள். எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவிக்க நேர்ந்தது. 2016 சூலையிலே சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் நின்று, எழுதுக என்று தீர்ப்பளித்த பிறகே மீண்டும் எழுந்தார். நூலை எரித்தவர்களிலே எத்தனை பேர் அதைப் படித்திருப்பார்கள்? எதிர்த்து நிற்க வேண்டிய நம்மிலே எத்தனை பேர் படித்திருந்தோம்? ஊருக்கு நூறு பேர் படித்திருந்தால் எரிப்பவன் கை நடுங்கியிருக்குமே!

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லுகிறேன். சிறு பதிப்பகங்களிலே வரும் புதிய நூல்கள் நம்மையும் குறை சொல்லும். சாதியை ஒழித்துவிட்டீர்களா என்று கேட்கும். உங்கள் கட்சியிலே பெண் எங்கே என்று கேட்கும். "நம்மைத் திட்டும் நூலை நாமே காசு கொடுத்து வாங்குவதா?" என்று ஒரு தோழர் என்னிடம் சீறினார். 1928-இலே மறைமலை அடிகளுக்கும் சுயமரியாதை இயக்கத்துக்கும் நடந்த கருத்துப் போர் கொஞ்சமா? பத்தாண்டு செல்லவில்லை; இந்தி வந்தபோது இருவரும் ஒரே அணியிலே நின்றார்கள்! மாறுபட்டவரைப் படித்ததாலே நாம் தேயவில்லை. புகழ்மாலை மட்டும் கேட்கும் கட்சிக்குக் காது இருக்கும், கண் இராது.

2017-இலே தளபதி ஸ்டாலின், பொன்னாடை வேண்டா, புத்தகம் தாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். நல்ல வழக்கம், பல இடங்களிலே பற்றிக்கொண்டது. ஆனால் மெல்லிய பளபளப்புத் தாளிலே சுற்றிய நூல், உறை பிரிக்கப்படாமலே கைமாறிக் கைமாறி மீண்டும் மேடைக்கு வருகிறதே, அதையும் கண்டிருக்கிறேன். பொன்னாடைக்குப் பதில் புத்தகம் வந்தது. படிப்பு வரவில்லை என்றால் பயன் என்ன?

என்ன செய்யலாம்? பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. கிளைக்கு மாதம் ஒரு புதிய நூல். அதுவும் சிறு பதிப்பகத்து நூல். முதல் நூல் எழுதியவராக இருந்தால் இன்னும் சிறப்பு. முன்பணமாகக் காசு, கடன் கூடாது. கிளைப் படிப்பகத்திலே ஞாயிறு மாலை ஒருவர் உரக்கப் படிக்கட்டும், பத்துப் பேர் கேட்கட்டும். தேநீர்க் கடையிலும் முடிதிருத்தகத்திலும் ஏட்டை உரக்கப் படித்து வளர்ந்த இயக்கம் அல்லவா இது? பொதுக்கூட்டத்திலே புத்தக மேசைக்கு மேடையருகே, வெளிச்சத்திலே இடம் கொடுங்கள். நாம் கட்டும் சொத்துவரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. 1948-இலே பொதுநூலகச் சட்டம் கண்ட மாநிலம் இது. ஆகவே கிளை நூலகத்திலே போய், இந்த நூல் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

அன்று விற்ற மூன்றிலே ஒன்றை வாங்கியவன் தோல் ஆலைத் தொழிலாளி. இருபத்தைந்து வயது இருக்கும். வாங்குமுன் என்னைக் கேட்டான்: "அண்ணே, எங்க தொழிலப் பத்தி யாராச்சும் எழுதியிருக்காங்களா?"

எழுதியிருக்கிறார்கள் தம்பி, என்றேன். திண்டுக்கல் தோல் தொழிலாளர் வாழ்வை வைத்து டி.செல்வராஜ் 'தோல்' என்றே நாவல் எழுதினார்; 2012-ஆம் ஆண்டுக்கு அகாடமி பரிசு பெற்றது. அதை வெளியிட்டது இடதுசாரித் தோழர்களின் பெரிய பதிப்பகம். ஆனால் பம்மல் தோல் தொழிலாளியைப் பற்றி, இந்த நாகல்கேணித் தெருவைப் பற்றி எழுத வேண்டியவன் நீதான் என்றேன்.

அவன் சிரித்தான். "நான் எழுதினா யாருண்ணே போடுவா?"

மூலையிலே மேசையை மடக்கிக்கொண்டிருந்த அந்த மனிதரைக் காட்டினேன். அவர் போடுவார், அடுத்த கூட்டத்துக்கு அவர் வரும்படி நாம் வைத்திருந்தால்!